புதிய தகடும் பழைய முகமும்

பழையவை கழிவதும் புதியவை புகுவதும் காலத்தின் இயல்பு. அதனைக் குற்றமென்று கொள்ள வேண்டியதில்லை என மொழி வழக்கைக் குறித்து நன்னூலார் ஒரு நெறி வகுத்தார். நாமோ அந்நெறியை மொழியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. விளக்கு, அடுப்பு, வண்டி, கடிகாரம் என வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் அதனை விரித்துக்கொண்டோம். புதியது ஒன்று கடைக்கு வந்தவுடன், "இனிப் பழையது எதற்கு?" என்னும் வினா நம் நாவில் தானாகவே எழுந்துவிடுகிறது.

2006ஆம் ஆண்டில் உயர்தெளிவுப் படத்தகடுகள் விற்பனைக்கு வந்தபோதும் இவ்வினா எழுந்தது. அதற்குமுன் பத்தாண்டுகளாக நிலைபெற்றிருந்த டி.வி.டி.யைப் புதிய தகடு வீழ்த்திவிடுமா என்று உலகெங்கும் கேட்டார்கள். வணிகர் இதைக் கேட்பது இயல்பே. அவர்களுடைய முதல் அதில் முடங்கியிருக்கிறது. ஆனால் இவ்வினாவுக்குள் வணிகத்தைக் கடந்த அறநெறிக் கேள்வி ஒன்று மறைந்திருக்கிறது. ஒரு வடிவம் மறையும்போது அதில் பதிந்திருந்தவற்றைப் புதிய வடிவத்துக்குக் கொண்டு சேர்க்கும் கடமை யாருடையது? யாருடைய நினைவுகள் கரையேறுகின்றன? யாருடையவை கைவிடப்படுகின்றன? கிறிஸ்தவர்களாகிய நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இதுவே.

மூன்று தகடுகளின் வரலாறு

முதலில் பொருளின் தன்மையை அறிந்துகொள்வோம். படத்தகட்டின் உட்பரப்பில் சுருள் வரிசையாகப் பொறிக்கப்பட்ட நுண்குழிகளை ஒரு லேசர் கதிர் வருடிப் படிக்கிறது. கதிரின் அலைநீளம் குறையக் குறையக் குழிகளையும் சிறிதாக்கலாம். ஒரே அளவுள்ள தகட்டில் மேலும் மேலும் எழுதலாம். 1993இல் விதிமுறை வகுக்கப்பட்ட வி.சி.டி.யைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிர். 1996இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் சிவப்புக் கதிர். 2006இல் வந்த புளூ-ரே தகட்டுக்கு 405 நானோமீட்டர் நீலஊதாக் கதிர். தகட்டின் குறுக்களவோ மூன்றுக்கும் 12 சென்டிமீட்டர்தான்.

படத்தின் தெளிவு, அதை ஆக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. வி.சி.டி.யின் ஒரு சட்டத்தில் ஏறத்தாழ 1 லட்சம் புள்ளிகள், டி.வி.டி.யில் 4 லட்சம். புளூ-ரேயில் 20 லட்சத்துக்கும் மேல். 2016இல் வந்த அடுத்த தலைமுறைத் தகட்டில் ஏறத்தாழ 83 லட்சம். வி.சி.டி. ஒன்றில் 74 நிமிடப் படமே அடங்கும் என்பதால் ஒரு தமிழ்த் திரைப்படத்துக்கு இரண்டு அல்லது மூன்று தகடுகள் தேவைப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

உயர்தெளிவுத் தகடு ஒன்றாக வரவில்லை, இரண்டாக வந்தது. தோஷிபா நிறுவனத்தார் முன்னின்ற எச்.டி. டி.வி.டி. 2006 மார்ச்சிலும், சோனி முதலியோரின் புளூ-ரே அதே ஆண்டு ஜூனிலும் கடைக்கு வந்தன. இரண்டின் கருவிகளும் பழைய டி.வி.டி.யை ஏற்றுக்கொண்டன, ஆனால் ஒன்றின் தகடு மற்றொன்றில் ஓடாது. மூத்தவரை மதித்த இருவரும் உடன்பிறப்பை மதிக்கவில்லை. காயின் ஆபேலின் கதை கடைத்தெருவிலும் நிகழ்ந்தது எனலாம். 2008 ஜனவரி 4 அன்று வார்னர் திரைப்பட நிறுவனம் இனிப் புளூ-ரேயில் மட்டுமே வெளியிடுவோம் என்று அறிவித்தது. பிப்ரவரி 19 அன்று தோஷிபா களத்தைவிட்டு விலகுவதாக அறிவித்தது. இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. ஆவலோடு முதலில் வாங்கியவர்களின் கையில் வாரிசற்ற தகடுகள் எஞ்சின.

நம் ஊர்களில் நடந்தது

வென்ற புளூ-ரேயேனும் டி.வி.டி.யை வீழ்த்தியதா? இதற்கு விடை காணத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்த காரிமங்கலத்தையும் சுற்றியுள்ள சிற்றூர்களையும் பார்த்தாலே போதும். ஒரு காலத்தில் திருவிழா இரவுகளில் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, தெருவில் பாய்விரித்து, விடியும்வரை கேசட்டுகளைப் பார்த்தார்கள். 1971இல் வெளிவந்த 'அன்னை வேளாங்கண்ணி' போன்ற படங்களைக் கண்ணீர் மல்கக் கண்டவர்கள் நம் பங்குகளில் பலருண்டு. பின்னர்ப் பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குச் சென்ற இளைஞர்கள் ஊர் திரும்பும்போது வி.சி.டி. கருவியோடு வந்தார்கள்.

2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. ஏழையின் வீட்டிலும் 14 அங்குலத் திரை ஒளிர்ந்தது. அத்திரையில் 20 லட்சம் புள்ளிகளைக் கொட்டினாலும் அவற்றைக் காட்ட அதனால் இயலாது. ஏறத்தாழ அதே காலத்தில் மோசர் பேயர் நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியிருந்தது. புளூ-ரே தகட்டின் விலையோ அதனைப்போலப் பன்மடங்கு. இந்நிலையில் கூலி வேலை செய்யும் குடும்பம் எதைத் தேர்ந்துகொள்ளும் என்று சொல்லவும் வேண்டுமோ?

விலை மலிவு என்னும்போது திருட்டுத் தகட்டையும் குறிப்பிடாமல் கடக்கலாகாது. 2004இல் குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி அதற்குள் கொண்டுவர வேண்டிய அளவுக்குத் தமிழகத்தில் அக்குற்றம் பெருகியிருந்தது. பிறர் உழைப்பைக் கவர்தல் ஏழாம் கட்டளைக்கு முரணானது. வறுமை அதனை நியாயமாக்கிவிடாது. ஆயினும் நேர்மையான விலையில் நேர்மையான பொருள் கிடைக்கச் செய்வதும் நீதியின் ஒரு கூறு என்பதை அந்த 28 ரூபாய்த் தகடு நமக்கு உணர்த்தியது.

ஆக, எங்கள் பகுதியில் உயர்தெளிவுத் தகடு டி.வி.டி.யை வீழ்த்தவில்லை. வீழ்த்தும் அளவுக்கு அது வந்து சேரவே இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் தொடங்கிய பின் கைப்பேசியில் படம் பார்ப்பது எளிதாயிற்று. இரண்டு தகடுகளும் சேர்ந்தே ஒதுங்கின. 34 ரூபாய்த் தகட்டைத் தந்த நிறுவனத்தைக் கலைக்க 2018இல் ஆணை பிறந்தது. அமெரிக்காவில் தகடுகளை அஞ்சலில் அனுப்பிவந்த நெட்ஃபிளிக்ஸ் 2023 செப்டம்பர் 29 அன்று அச்சேவையை நிறுத்தியது. பதிவு செய்யும் புளூ-ரே தகடுகளின் தயாரிப்பை 2025 பிப்ரவரியில் சோனியே முடித்துக்கொண்டது. எது எதை வெல்லும் என்று கணித்தவர்கள், இரண்டையும் ஒதுக்கும் மூன்றாவது ஒன்று வேறு திசையிலிருந்து வருவதைக் காணவில்லை.

இதில் ஒரு படிப்பினை உண்டு. ஏழை மக்கள் புதியதற்கு மெதுவாகவே நகர்ந்தார்கள். அதைப் பின்தங்கிய நிலை என்று பலர் கருதினர். இரண்டு ஆண்டில் அநாதையான தகட்டை வாங்கியவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அந்தத் தயக்கத்தில் இருந்தது விவேகம் என்றே சொல்ல வேண்டும். தலையாய நற்பண்புகள் நான்கனுள் விவேகத்துக்கு முதலிடம் தந்தார் புனித தோமா அக்குவினாஸ். அப்பண்பு பல வேளைகளில் படித்தவர் வீட்டைக் காட்டிலும் குடிசையில் எளிதாகக் குடியிருக்கிறது.

ஓலையும் அச்சும்

தமிழருக்கு வடிவ மாற்றம் புதிதன்று. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கச் சிறுநூல் அச்சாகி முடிந்தது. முத்துக்குளித்துறை மக்களின் மறைக்கல்விக்கென அண்ட்ரிக் அடிகளார் ஆக்கிய நூல் அது. தமிழ் எழுத்தில் அச்சான நூல்களுள் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது அதுவே.

அச்சு வந்ததனால் ஓலை உடனே ஒழிந்ததா? இல்லை. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் இரண்டும் அருகருகே வாழ்ந்தன. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணி, 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் புதுச்சேரியில் அச்சேறியது. அதுவரை அக்காப்பியத்தைக் காத்தவை ஏடுகளும் அவற்றைப் படியெடுத்த கைகளுமே. ஓலை சில தலைமுறைகளில் செல்லரித்துவிடும். மீண்டும் மீண்டும் யாரேனும் எழுதினாலன்றி நூல் வாழாது. நம் முன்னோரின் இலக்கியம் முழுவதும், முன்பின் அறியாத எழுத்தாளர்கள் எழுத்தாணி பிடித்துச் செய்த அன்பளிப்பு என்றால் அது மிகையாகாது.

அக்கைகள் ஓய்ந்தபோது என்ன நேர்ந்தது என்பதை உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் மனம் வெதும்பிப் பதிவு செய்திருக்கிறார். சிதைந்த ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டார்கள். சில இடங்களில் தீயில் இட்டார்கள். தீய எண்ணத்தால் அல்ல. பயனற்றதைப் பக்தியோடு வழியனுப்புகிறோம் என்றே எண்ணினார்கள். அவர் ஊர் ஊராக அலைந்து திரட்டியவை 1887இல் சீவக சிந்தாமணியாகவும் 1892இல் சிலப்பதிகாரமாகவும் அச்சேறின. திரட்டப்படாதவை எத்தனை என்று எண்ணிச் சொல்ல எவராலும் இயலாது.

அச்சும் தானாகவே காப்பதில்லை. கொல்லத்தில் அச்சான அச்சிறுநூலின் படி நம் நாட்டில் எஞ்சவில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு படி காக்கப்படுகிறது. 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' இன்று கிடைக்கவே இல்லை. வடிவத்தின் உயர்வு ஒரு பொருளைக் காத்துவிடும் என்று நம்புவது வீண். அதைப் படியெடுத்துக் கைமாற்றும் ஒருவரே அதைக் காக்கிறார்.

தெளிவு என்பது யாது?

இங்கு ஒரு நிகழ்ச்சியைக் கூற வேண்டியிருக்கிறது. எங்கள் பகுதியைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் திருமண வி.சி.டி.யை எடுத்துக்கொண்டு மகனோடு பங்கு இல்லத்துக்கு வந்தார். கணவர் பெங்களூரில் கட்டட வேலையின்போது இறந்தவர். அப்போது மகன் கைக்குழந்தை. வீட்டிலுள்ள புதிய தொலைக்காட்சியில் தகடு ஓட வழியில்லை. பங்கு இல்லத்தில் பழைய டி.வி.டி. கருவி ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சிறிது தடுமாறியபின் படம் ஓடியது. மாலையும் கழுத்துமாக ஓர் இளைஞர் சிரித்தார்.

"ரொம்ப மங்கலா இருக்கே சாமி, கொஞ்சம் தெளிவா ஆக்க முடியாதா?" என்று மகன் கேட்டான்.

"மங்கலா எங்கடா இருக்கு? உங்கப்பா நல்லாத்தானே தெரியறாரு!" என்றார் தாய்.

இருவரும் கண்டது ஒரே படத்தை. அதே 1 லட்சம் புள்ளிகளை. குறைந்த புள்ளிகளைத் தாயின் நினைவு நிரப்பிவிட்டது. கல்லறையருகே நின்ற மகதலா மரியா ஆண்டவரைக் கண்டும் அடையாளம் காணவில்லை; தம் பெயரை அவர் அழைத்த குரலில் கண்டுகொண்டார். எம்மாவு சென்ற சீடர் இருவர் வழிநெடுக அவரோடு நடந்தும் அறியவில்லை. அப்பம் பிட்கையில் அறிந்தார்கள். அன்புள்ளவர் அறிந்துகொள்வதற்குப் புள்ளிகளின் எண்ணிக்கை பொருட்டன்று. இவ்வுலகில் நம் காட்சி கண்ணாடியில் மங்கலாகக் காண்பது போன்றது என்றும், நேருக்கு நேர் காணும் நாள் இனி வரவிருக்கிறது என்றும் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதை இவ்விடத்தில் எண்ணிப்பார்க்கலாம்.

இத்துடன் நின்றுவிட்டால், தாய் சொன்னதே சரி, மகனின் ஆவல் சிறுபிள்ளைத்தனம் என்றாகிவிடும். அது நீதியாகாது. தாய்க்கு நினைவு இருக்கிறது. மகனுக்கு அந்த மங்கிய புள்ளிகளைத் தவிர வேறொன்றும் இல்லை. அவன் தந்தையின் முகத்தைத் தேடுகிறான். அவனிடம் நிரப்பிக்கொள்ள ஏதும் இல்லை. நினைவுள்ளவர்க்கு மங்கல் போதும். நினைவற்ற அடுத்த தலைமுறைக்கே தெளிவு தேவைப்படுகிறது. எனவேதான் இக்காரியத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. படியெடுக்க வல்லவர்களுக்கு அவசரம் இல்லை, அவர்கள் நினைவில் அது தெளிவாகவே இருக்கிறது. அவசரம் உள்ளவர்களோ இன்னும் குழந்தைகள். சிலர் பிறக்கவும் இல்லை.

தொடக்கத் திருச்சபையும் இந்நிலையைக் கடந்து வந்தது. ஆண்டவரோடு உண்டு நடந்தவர்கள் உயிரோடிருந்தவரை எழுதப்பட்ட நற்செய்தியின் தேவை பெரிதாக உணரப்படவில்லை. கண்கண்ட சாட்சிகள் ஒவ்வொருவராக மறையத் தொடங்கிய காலத்தில்தான் நற்செய்தி நூல்கள் உருப்பெற்றன. சாட்சிகளிடமிருந்து பெற்றதை ஆய்ந்து ஒழுங்குபட எழுதுவதாக லூக்கா தம் நூலின் முகப்பில் கூறுவதும் இதனாலேயே. அவர்கள் தங்களுக்காக எழுதவில்லை. காணாதிருந்த நமக்காக எழுதினார்கள்.

கையளித்தலின் இரு பொருள்

மரபு என்பதைக் குறிக்கும் இலத்தீன்ச் சொல்லுக்குக் கையளித்தல் என்பதே பொருள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் நற்கருணையைப் பற்றிப் பேசும்போது, ஆண்டவரிடம் பெற்றதை உங்களுக்குக் கையளித்தேன் என்கிறார் பவுல். அதே வாக்கியத்தில், ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவைக் குறிக்கவும் அதே கிரேக்க வினைச்சொல்லையே ஆள்கிறார். நம்பிக்கையோடு ஒப்படைப்பதும் கையளித்தல்தான். கைகழுவி விட்டுவிடுவதும் கையளித்தல்தான். செயல் ஒன்றுபோலத் தோன்றினும், எந்த மனத்தோடு யாரிடம் கொடுக்கிறோம் என்பதே இரண்டையும் வேறுபடுத்துகிறது.

வடிவங்கள் மாறும்போது வணிகம் தனக்கு ஆதாயம் உள்ளவற்றைத் தானே சுமந்து செல்லும். புகழ்பெற்ற திரைப்படங்கள் கேசட்டிலிருந்து தகட்டுக்கும், தகட்டிலிருந்து இணையத்துக்கும் யாரும் கேளாமலே போய்ச் சேர்ந்துவிடும். கட்டடத் தொழிலாளியின் திருமணத்தையும், ஊர்க் கோயிலின் அர்ச்சிப்பு விழாவையும், மறைந்த பாட்டி சொன்ன செபமாலையின் குரலையும் எந்த நிறுவனமும் சுமக்காது. அவற்றை நாமே சுமந்தாலன்றி அவை கரைசேரா. கடைசியாக டெக் தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016 ஜூலையோடு அத்தொழிலை முடித்துக்கொண்டது. ஸ்டூடியோக்களில் பதிந்து தரப்பட்ட தகடுகளின் சாயப்படலம் வெயிலிலும் வெப்பத்திலும் ஆண்டுதோறும் மங்குகிறது. தாமதம் இங்கு நடுநிலை ஆகாது. தாமதிப்பதே கைவிடுவதாக முடியும்.

இரண்டு மறுப்புகளுக்கு விடை கூற வேண்டும். இறந்தவர்கள் இறைவனிடம் வாழ்கிறார்கள் என்று நம்பும் நமக்கு அவர்களுடைய நிழற்படம் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். 787இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம், உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அவ்வுருவத்துக்கு உரியவரைச் சென்றடைகிறது என்று கற்பித்தது. புனிதர்களின் திருவுருவங்களைக் குறித்த போதனை அது என்பது உண்மையே. ஆயினும் வாக்கு மனிதரானதால் பருப்பொருளும் அன்பின் வழியாகலாம் என்னும் நம் நம்பிக்கை அதில் அடங்கியுள்ளது. திரைப்படச் சுருள்களைக் காக்கவென்று 1959இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் வத்திக்கானில் ஒரு காப்பகம் நிறுவியதும் நினைவுகூரத் தக்கது.

மற்றொருவர், எல்லாவற்றையும் காத்துக்கொண்டே போனால் வாழ்வதற்கு இடமேது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாம் காக்கப்பட வேண்டியதில்லை. பகையை வளர்க்கும் பதிவும், முறிந்துபோன உறவைக் கிளறும் பதிவும் மறைந்துபோவதே இரக்கம். மறத்தலும் மன்னிப்பின் ஒரு பகுதிதான். ஆனால் எதை விடுவது என்பதை உரியவர்கள் அமர்ந்து தேர்ந்து விட வேண்டும். கருவி கிடைக்காததாலும் காசு இல்லாததாலும் அது தானே நழுவிவிடக் கூடாது.

உண்மையைக் குறித்தும் ஓர் எச்சரிக்கை தேவை. மங்கிய படத்தைத் தெளிவாக்கித் தரும் கணினி நிரல்கள் இப்போது வந்துவிட்டன. அவை இல்லாத புள்ளிகளை ஊகித்து நிரப்புகின்றன. அவ்வாறு கிடைக்கும் முகம் அழகாக இருக்கலாம்; அது தந்தையின் முகம்தான் என்பதற்கு உறுதி இல்லை. தெளிவாக்கிய படி ஒன்றை வைத்துக்கொள்வதில் தவறில்லை. மங்கிய மூலப்படியை அழித்துவிடலாகாது. அந்த மகனுக்கும் அதையே கூறினேன். மூலத்தை உள்ளபடி இரண்டு இடங்களில் படியெடுத்துக்கொண்டான்.

விண்ணரசின் சீடரான மறைநூல் அறிஞர், தம் கருவூலத்திலிருந்து புதியவற்றையும் பழையவற்றையும் ஒருங்கே எடுத்துத் தரும் வீட்டுத் தலைவரைப் போன்றவர் என்று ஆண்டவர் உவமை கூறினார். ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு பங்கும் அத்தகைய வீட்டுத் தலைவராக விளங்க முடியும். நவம்பர் மாதத்தில் கல்லறைகளை வெள்ளையடித்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். அவ்வேளையில் பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் கேசட்டுகளையும் தகடுகளையும் எடுத்துப் பார்ப்போம். அருகிலுள்ள ஸ்டூடியோவில் படியெடுப்போம். அதற்கான செலவைத் தாங்க இயலாத குடும்பங்களுக்குப் பங்குப் பேரவையும் வின்சென்ட் தே பால் சபையும் உதவட்டும். படியெடுத்தபின் முதியவரை அருகில் அமர்த்தி, படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று கேட்டுப் பெயர்களை எழுதி வைப்போம். எவ்வளவு உயர்ந்த தெளிவுள்ள தகடும் தன்னில் சிரிப்பவரின் பெயரைச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று நம் திண்ணைகளில் அமர்ந்திருக்கிறார்கள்.